எபிடியூரல் போட்டுக்கொள்வதா? ஊசி போட்ட பிறகு யார் இருப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். தலைப்பிரசவம், இப்போது 34 வாரம். வலியில்லாப் பிரசவத்துக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று குழப்பமாக இருக்கிறது. என் சித்திக்கு சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள், பத்து வருடமாக இடுப்பு வலி என்கிறார். நாத்தனாருக்கு எபிடியூரல் போட்டு ஒரு வாரம் தலையைத் தூக்க முடியாத தலைவலி. மாமியார் "நாங்கள் எல்லாம் பெற்றுக்கொள்ளவில்லையா" என்கிறார். அம்மா திருப்பத்தூருக்கே வந்துவிடு என்கிறார், அங்கே நாங்கள் பார்க்கும் நர்சிங் ஹோமில் எபிடியூரல் கிடையாது. என் டாக்டரோ "வலி வரட்டும், பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார். எக்கோஸ்பிரின் 75 சாப்பிடுகிறேன். போன வாரம் பிளேட்லெட் 1,10,000 இருந்தது. என்ன செய்வது டாக்டர்?

பதில்: வீட்டுப் பேச்சு சித்தியின் இடுப்பு வலியில்தான் நிற்கிறது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிசேரியனுக்கு என்றால் அவருக்குப் போட்டது அநேகமாக ஸ்பைனல். அது மிக மெல்லிய ஊசி. தண்டுவட நீர் இருக்கும் உறைக்குள் ஒரே தடவை இரண்டு மில்லி அளவு மருந்தைக் கொடுத்து ஊசியை எடுத்துவிடுவார்கள். எபிடியூரல் ஊசி தடிமனானது, ஆனால் அந்த உறையைத் துளைக்காமல் வெளியிலேயே நிற்க வேண்டும். இரண்டுமே தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் போடப்படுகின்றன. ஊசி நுழைந்த இடத்தில் நான்கைந்து நாள் கன்றிப்போன வலி இருக்கும், அது உண்மை. வருடக்கணக்கான இடுப்பு வலிக்கு ஊசி காரணமில்லை. எபிடியூரல் போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தது. கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்கள், குனிந்தபடி பால் கொடுப்பது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை செய்வது, இவைதான் பிள்ளை பெற்றவர்களின் முதுகை வாங்குகின்றன.

நாத்தனாரின் தலைவலி வேறு விஷயம். அது எபிடியூரலால் வந்ததாகவே இருக்கலாம். தடிமனான ஊசி தவறி உறையில் ஓட்டை போட்டுவிட்டால் தண்டுவட நீர் கசியும். ஓரிரு நாளில் தலைவலி தொடங்கும். உட்கார்ந்தால், நின்றால் பின்மண்டையும் கழுத்தும் பிளக்கும், படுத்தால் குறையும். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இப்படி வருகிறது. பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், காப்பி ஆகியவற்றுக்கு அடங்காவிட்டால் அவருடைய கையிலிருந்தே 15 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் அதே மட்டத்தில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். பலருக்கு அன்றைக்கே தலை தூக்க முடிகிறது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று டம்ளரை அளந்து கொடுப்பார்கள். அந்தப் பத்தியத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. அது தலைவலியைக் கூட்டும், அதைவிட மோசமாக ரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டும். படுத்தாலும் குறையாத தலைவலி, பார்வை மங்குவது, வலிப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதை ஊசித் தலைவலி என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ரத்த அழுத்தமோ மூளை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் முடிவை உண்மையில் தீர்மானிக்கிற கேள்வி. எபிடியூரல் ஒரு ஊசியோடு முடிவதில்லை. குழாய் முதுகில் இருக்கும் ஆறு, எட்டு, பத்து மணி நேரமும் யாராவது உங்கள் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருந்து போதாவிட்டால் கூட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் சரி செய்ய வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவமனையில் கேட்க வேண்டியது "எபிடியூரல் உண்டா" என்பதை அல்ல, ஏனென்றால் எல்லோரும் உண்டு என்பார்கள். "இரவு இரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? போட்டுவிட்டு இருப்பாரா, போய்விடுவாரா?" என்று கேளுங்கள். அழைத்தால் வருபவர் என்றால், மாலை ஆறரைக்கு டின் ஃபேக்டரி சந்திப்பைத் தாண்டி வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். வந்தபின் குழாய் வைக்க 15–20 நிமிடம், மருந்து பிடிக்க இன்னொரு 15–20 நிமிடம். வெளியிலிருந்து வருபவரை நம்பியிருக்கும் இடத்தில் வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருந்து கேட்பது வீண். அங்கே சீக்கிரமே சொல்லிவைக்க வேண்டும். போட்டுவிட்டு அடுத்த மருத்துவமனைக்கு ஓடுபவர் என்றால், எபிடியூரலே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

திருப்பத்தூர் விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவது நல்ல வழக்கம். பெற்ற தாய் பக்கத்தில் இருப்பது வலியைத் தாங்கும் திறனையே மாற்றும். ஆனால் எபிடியூரல் வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்குப் பலமாக இருந்தால், அல்லது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் உங்களுக்குக் குறைந்துகொண்டே வந்தால், பிரசவத்தைப் பெங்களூரிலேயே வைத்துக்கொண்டு அம்மாவை இங்கே வரவழைப்பது பொருத்தம். பத்து நாள் கழித்து எல்லோருமாகத் திருப்பத்தூர் போகலாம். எங்கே என்பதை 36 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். 38 வாரத்தில் இடம் மாறினால் புதிய மருத்துவருக்கு உங்கள் உடம்பும் ரிப்போர்ட்களும் பழக்கமிருக்காது.

பிளேட்லெட் 1,10,000 எபிடியூரலுக்குத் தடையில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எண்ணிக்கை சற்றுக் குறைவது சாதாரணம். பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் 70,000–80,000க்குக் கீழே போனால்தான் தயங்குவார்கள், முதுகுக்குள் ரத்தம் கசிந்து நரம்பை அழுத்திவிடும் என்ற பயத்தால். எண்ணிக்கை எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதையும் பார்ப்பார்கள். 36–37 வாரத்தில் ஒரு தடவையும், வலியோடு சேரும்போது ஒரு தடவையும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்த அழுத்தமும் ஏறி பிளேட்லெட்டும் இறங்கினால், நேற்றைய ரிப்போர்ட் செல்லாது. சில மணி நேரத்துக்குள் எடுத்தது வேண்டும். எக்கோஸ்பிரின் 75 (குறைந்த அளவு ஆஸ்பிரின்) மட்டும் என்றால் அதற்காக எபிடியூரலை யாரும் மறுக்க மாட்டார்கள். எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி இடையில் யாராவது தொடங்கினால் மட்டும் கணக்கு மாறும். அவ்வகையான எனாக்ஸபாரின் 40 மில்லிகிராம் தினம் ஒரு தடவை என்றால் கடைசி ஊசிக்கும் எபிடியூரலுக்கும் 12 மணி நேர இடைவெளி வேண்டும், அதிக அளவில் போடுகிறவர்களுக்கு 24 மணி நேரம். அப்படியானவர்கள் வலி தொடங்குவது போலத் தெரிந்தாலே அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்கு போன் செய்ய வேண்டும்.

"வலி வரட்டும், பார்க்கலாம்" என்ற உங்கள் டாக்டரின் பேச்சு பாதி சரி. வேண்டுமா இல்லையா என்பதை வலி வந்தபின் முடிவு செய்யலாம். போட முடியுமா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். 36 வாரத்தில் மயக்க மருத்துவரை ஒரு தடவை பார்க்கக் கேளுங்கள். முதுகெலும்பில் வளைவு, பழைய டிஸ்க் பிரச்சினை, இதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் அந்த ரிப்போர்ட்களைக் கொண்டுபோங்கள். பல்லும் வாயும் கழுத்தும் பார்ப்பார்கள். முதுகு ஊசிக்கு வாயை ஏன் பார்க்கிறார்கள் என்று வியக்க வேண்டாம், அவசர சிசேரியனில் முழு மயக்கம் தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் போட வேண்டியது அவர்தான்.

போடும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கையில் டிரிப்ஸ் ஊசி, ரத்த அழுத்தப் பட்டை, வயிற்றில் குழந்தையின் துடிப்பைப் பதியும் சிடிஜி கருவி மாட்டுவார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையை அணைத்து, முகவாயை மார்பில் ஒட்டி, பூனை முதுகைத் தூக்குவது போல இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். வயிற்றை வைத்துக்கொண்டு இது சிரமம்தான், ஆனால் இந்த வளைவில்தான் எலும்புகளின் இடைவெளி திறக்கும். முதுகைக் கிருமிநாசினியால் துடைத்து அது காயும்வரை காத்திருந்து, தோலை மரக்கவைக்க லிக்னோகேயின் இரண்டு மூன்று மில்லி போடுவார்கள். அது சுரீர் என்று எரியும். அதன்பின் பெரும்பாலும் அழுத்தம்தான் தெரியும். உப்பு நீர் நிரப்பிய சிரிஞ்சை அழுத்திக்கொண்டே ஊசியை மெல்ல நகர்த்துவார்கள். எதிர்ப்பு சட்டென்று விலகும் இடம்தான் எபிடியூரல் இடைவெளி. பெரும்பாலானவர்களுக்குத் தோலிலிருந்து 4 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே நூல் போன்ற குழாயை நுழைத்து ஊசியை உருவிவிடுவார்கள். முதுகில் ஊசி தங்குவதில்லை, குழாய் மட்டும்தான். நடுவில் வலி எழுந்தால் "வருது" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். குழாய் நுழையும்போது ஒரு காலில் ஷாக் அடித்தது போல இருந்தால், அசையாமல், எந்தக் கால் என்று சொல்லுங்கள்.

அடுத்து 3 மில்லி சோதனை மருந்து. அதைப் போட்டுவிட்டு "காது இரைகிறதா, வாயில் உலோகச் சுவை வருகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கால் கனக்கிறதா" என்று கேட்பார்கள். சும்மா கேட்பதாக நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள். குழாய் ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் முதல் மூன்றும், உறைக்குள் போயிருந்தால் நான்காவதும் வரும். எல்லாம் சரி என்றால் 0.1 சதவீதம் போன்ற நீர்த்த புபிவகேயினோ ரோபிவகேயினோ (மரக்கவைக்கும் மருந்துகள்), ஃபென்டனில் என்ற வலி மருந்து கொஞ்சத்தோடு, 10–15 மில்லி பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு பம்ப் மூலம் தொடரும். சில இடங்களில் நீங்களே அழுத்தும் பொத்தானும் கொடுப்பார்கள். இருபது முப்பது நிமிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிஸ்டர் பட்டையைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனால், தயங்காமல் கேளுங்கள்.

நீர்த்த மருந்து என்பதால் கால் முழுதாகச் செயலிழக்காது. வயிறு இறுகுவதும் கீழே அழுத்துவதும் தெரியும், கூர்மையான வலி இருக்காது. "ஒன்றுமே தெரியாது" என்று யாராவது சொல்லியிருந்தால் அது மிகை. பிரிட்டனின் மகப்பேறு மயக்க மருத்துவர்கள் சங்கம் தாய்மார்களுக்குக் கொடுக்கும் தகவல் அட்டையில், எட்டுப் பேரில் ஒருவருக்கு எபிடியூரல் போதுமான அளவு வேலை செய்வதில்லை என்றே போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் வலிப்பதுதான் அடிக்கடி வரும் புகார். குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து, வலிக்கிற பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்து, இன்னொரு தவணை மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அரை மணி நேரத்தில் ஆகாவிட்டால் குழாயை எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் நியாயம். நன்றாக இருந்த வலி நிவாரணம் திடீரென்று போனால் முதலில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் வந்தது உங்களுக்குத் தெரியாது என்பதால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் வைத்து எடுத்துவிடுவார்கள்.

ரத்த அழுத்தம் இறங்குவதுதான் உடனடியாகக் கவனிக்க வேண்டியது. தலை சுற்றும், குமட்டும், சில சமயம் குழந்தையின் துடிப்பும் இறங்கும். இடது பக்கம் திருப்பி, டிரிப்ஸை வேகப்படுத்தி, ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்து கொடுத்தால் சில நிமிடத்தில் மீளும். நேராக மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள். நடுக்கம், மூக்கிலும் வயிற்றிலும் அரிப்பு, பல மணி நேரத்துக்குப் பின் சிலருக்கு 38 டிகிரி தாண்டும் காய்ச்சல் எல்லாம் வரும். காய்ச்சல்தான் தொல்லை பிடித்தது. அது எபிடியூரலாலா, கிருமியாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் உங்களுக்கும் குழந்தைக்கும் கூடுதல் பரிசோதனைகள் நடக்கலாம்.

பயப்படுகிற பெரிய விஷயங்களின் அளவும் அதே அட்டையில் இருக்கிறது. காலில் மரத்துப்போதலோ பலவீனமோ தற்காலிகமாக வருவது ஆயிரத்தில் ஒருவருக்கு. ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது 13,000 பேரில் ஒருவருக்கு. முதுகுக்குள் சீழ் கட்டுவது 50,000 பேரில் ஒருவருக்கு. கால்கள் செயலிழப்பது போன்ற கடுமையான பாதிப்பு இரண்டரை லட்சத்தில் ஒருவருக்கு. பூஜ்யம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

எபிடியூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்று பெங்களூரு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட, ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிக்கையில் சிசேரியன் கூடவில்லை. பழைய ஆய்வுகளில் வாக்குவம், ஃபோர்செப்ஸ் போட்டு எடுப்பது கூடியிருந்தது. மருந்தை நீர்க்கச் செய்த 2005க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசமும் தெரியவில்லை. முக்குகிற கட்டம் நீளுவது மட்டும் நிஜம். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்தும் முக்கும் உணர்வு வராதவர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்கலாம் என்கிறது 2018இன் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, குழந்தையைச் சரியாகக் கண்காணிக்கும் வசதி இருந்தால். அதே வருடம் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், காத்திருந்தவர்களுக்கு ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் சற்றுக் கூடின. எனவே காத்திருப்பதா, உடனே முக்குவதா என்பதில் உங்கள் மருத்துவரின் வழக்கத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றால், அவசரப்படுத்தத் தேவையில்லை. இந்தப் பொறுமை இல்லாத லேபர் வார்டில்தான் எபிடியூரலுக்குக் கெட்ட பெயர் வருகிறது. ஏற்கெனவே குழாய் இருப்பவருக்கு சிசேரியன் தேவைப்பட்டால், அதே குழாயில் வீரியமான மருந்து செலுத்தி முழு மயக்கமில்லாமல் செய்துவிடலாம் என்பது எதிர்ப்பக்கத்து லாபம்.

எப்போது கேட்பது? கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. வலி சீராகத் தொடங்கிவிட்டால், நீங்கள் கேட்பதே போதுமான காரணம். தலை கீழே இறங்கி முக்கும் உணர்வு வந்தபின் மட்டும் பலனில்லை, இருபது நிமிடம் அசையாமல் உட்கார முடியாது. வலியைத் தூண்ட ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போட்டால் வலி சீக்கிரமே கடுமையாகும். அப்போது முன்கூட்டியே கேட்பது நல்லது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ இரட்டைக் குழந்தையாக இருந்தாலோ நாங்களே போட்டுக்கொள்ளச் சொல்வோம். உங்களைப் போல முதல் பிரசவம், வேறு சிக்கல் இல்லை என்றால் இரண்டு முடிவும் சரிதான்.

போட்டுக்கொள்ளாவிட்டால் வெறும் கையோடு நிற்க வேண்டியதில்லை. நடப்பது, பந்தின் மேல் உட்கார்ந்து அசைவது, இடுப்பில் வெந்நீர் ஒத்தடம், ஒவ்வொரு வலியிலும் இடுப்பெலும்பை யாராவது உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது எல்லாம் ஆரம்ப மணி நேரங்களில் நிஜமாகவே உதவும். பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்ஸிஜன் கலந்த வாயுவை வலி தொடங்கும் முன்னமே உறிஞ்ச வேண்டும். உச்சத்தில் உறிஞ்சினால் வலி போனபிறகுதான் தலை கிறுகிறுக்கும். டிரமடால், பெத்திடின் ஊசிகள் வலியைவிடத் தூக்கத்தையும் குமட்டலையும் அதிகம் தருகின்றன. பிரசவத்துக்குச் சற்று முன் பெத்திடின் போட்டால் குழந்தை மூச்சுவிடச் சோம்பும். டிரோட்டின், எபிடோசின் என்று சீட்டில் பார்த்தால் அவை கர்ப்பப்பை வாய் நெகிழப் போடுபவை, வலிக்கு அவற்றை நம்பாதீர்கள்.

பணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். மயக்க மருத்துவர் கட்டணம், குழாய் செட், மருந்து, பம்ப், மணிக்கணக்கான கண்காணிப்பு என்று பில் ஐந்தாகப் பிரிந்து வரலாம். பிறகு சிசேரியன் ஆனால் மயக்க மருத்துவருக்கு மறுபடியும் முழுக் கட்டணமா என்று தனியாகக் கேளுங்கள், பலரும் அங்கேதான் அதிர்கிறார்கள். உங்கள் கணவரின் நிறுவனக் காப்பீட்டில் மகப்பேறுக்கு உச்சவரம்பு இருக்கும். எபிடியூரல் அதற்குள் வருமா என்று காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. மாமியாரோ கணவரோ சம்மதித்தால்தான் போடுவோம் என்று ஒரு மருத்துவமனை சொல்லக்கூடாது, அவர்கள் சொன்னதற்காகப் போடவும் கூடாது. படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும், வலியின் நடுவில் அதைப் படிக்க யாராலும் ஆகாது. 36 வாரத்தில் மயக்க மருத்துவரைப் பார்க்கும்போதே ஒரு பிரதி வாங்கி, தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்தபின் காலில் பலவீனம் கூடினாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் அன்றைக்கே அந்தப் பிரதியின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.